ரோச் லைற்றுக்கு ஒரு சிவப்புத் தொப்பி

அக்காவின் வீட்டு முன் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்திருக்கிறது. அதில் ஒரு ரோச் லைற் தொங்குகிறது. அதன் முகத்துக்குச் சிவப்புத் துணியில் ஒரு தொப்பி தைத்துப் போட்டிருக்கிறது. விளிம்பில் இலாஸ்ரிக் வைத்துச் சுருக்கியது, கைக்குழந்தைக்குத் தைக்கிற தொப்பி மாதிரி. பற்றரி செத்து மாதக்கணக்காகிறது. கிழமைக்கு ஒருநாள் அந்த வீட்டைத் திறந்து கூட்டுகிற என் மருமகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள், "மாமா, உதைக் கழட்டி வைக்கட்டோ?" வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். காரணம் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் நீண்டுவிடும், அவளுக்கு வேலை கிடக்கும். அடுத்த சனிக்கிழமை வானம் பார்க்கிற குழு மறுபடியும் எங்கள் ஊருக்கு வருகிறது. போன முறை அவர்கள் வந்தபோது அக்கா இருந்தார். அந்த முதல் இரவுக்கு ஆயத்தம் செய்த நாட்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இப்போதும் அதே மாதிரி நிலைகொள்ளாமல் திரிகிறேன் என்பதால் வரிசை கொஞ்சம் பிசகலாம்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்து இளைப்பாறியவன். மூட்டைகளை எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றி, எண்ணாமல் ஒன்றைப் பார்க்கவே தெரியாதவனாகிவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் இருக்கைகளை எண்ணுவேன். செத்த வீட்டுக்குப் போனால் கதிரைகளை எண்ணுவேன். இளைப்பாறிய பிறகு நித்திரை குறைந்தது. முற்றத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு தென்னைகளுக்கு நடுவில் தெரிகிற வானத்துண்டில் உள்ள நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கினேன். ஒருநாள் அறுபத்தொன்று வந்தது. மறுநாள் ஐம்பத்தெட்டு. அதற்கடுத்த நாள் அறுபத்துநாலு. களஞ்சியத்தில் இருப்பு இப்படி வந்தால் விசாரணை வைப்பார்கள். எனக்கு அது பெரிய அரிப்பாகப் போய்விட்டது. கைபேசியில் தேடி, வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் சில பேர் சேர்ந்து, வேலை முடிந்த நேரத்தில் ஆசைக்காக வானம் பார்க்கிற ஒரு குழு இருப்பதைக் கண்டுபிடித்து எழுதினேன்: கணக்கு ஒத்து வராதது என் கண்ணாலா, வானத்தாலா?

பதில் எழுதியவர் வவுனியாவில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர். இரண்டாலும்தான் ஐயா, என்று எழுதியிருந்தார். கூடவே, உங்கள் ஊர் அவ்வளவு இருட்டோ என்றும் கேட்டிருந்தார். அந்தக் குழுவினர் அதுவரை அவரவர் வீட்டு மொட்டைமாடியில் தனித்தனியே பார்த்து வந்தவர்கள். ஊர்ச்சனத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு வெட்டைவெளியில் கூடிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தார்களாம். நகரத்தில் விளக்குகள் விடவில்லை. ஸ்கந்தபுரத்தில் எங்கள் விளையாட்டு மைதானம் வயல்வெளியை ஒட்டிக் கிடக்கிறது என்று நான் எழுதியதுதான் தாமதம், அடுத்த ஞாயிறு ரீச்சரும் இன்னொருவரும் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கிவிட்டார்கள். மாசி மாதத்தில் நிலவில்லாத ஒரு சனிக்கிழமை என்று நாளையும் குறித்தார்கள்.

அவர்கள் மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்திப் பார்த்ததை அக்கா தன் வேலியில் நின்று கவனித்திருக்கிறார். அக்கா என்னிலும் ஆறு வயது மூத்தவர். அடுத்த காணியில் தனியாக இருந்தார், மகள் வெளிநாட்டில். ஊரில் பாதிப்பேருக்குச் சட்டை தைத்தவர். எழுபத்தொன்பது வயதிலும் ஊசிக்கு நூல் கோக்க ஆள் தேட மாட்டார். எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அவருக்கு நான் "டேய் தம்பி"தான்.

"டேய் தம்பி, உவை கொண்டு வந்த சாமான் என்ன?"

"தொலைநோக்கி அக்கா. அதுக்குள்ளாலை பாத்தால் வியாழன் கிட்டத் தெரியும்."

"எனக்கெண்டால் செல் அடிக்கிற குழல் மாதிரியெல்லோ கிடக்கு. கறுப்புத் துணியாலை வேறை சுத்திக்கொண்டு வருகினம். மற்றமுறை ஊருக்குள்ளை வரேக்கை துணியைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லு. பாக்கிற சனம் நல்லாப் பாக்கட்டும்."

அந்த எண்ணம் எனக்கு வரவில்லை. மூன்று கால் மேல் சரிந்து வானத்தைப் பார்க்கும் ஒரு கறுத்தக் குழாய், சண்டைக் காலத்தில் எறிகணை ஏவியதைப் போல. அன்றிரவு ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்து, குழாயைச் சுற்றாமல் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். ஓம் ஐயா, அப்பிடியே செய்வம் என்றார்.

அதன்பிறகு நான் கவலைப்படுவதற்கு வேண்டிய அளவு வேலை கிடைத்தது. மைதானத்து மின்விளக்கை அன்று போடாமல் விடச் சம்மதம் வாங்க வேண்டும். கோயில் வாசல் விளக்கு, அரிசி ஆலையின் முன்விளக்கு, சந்திக் கடைக்காரர் புதிதாகப் பூட்டியிருந்த, ஓடி ஓடி நிறம் மாறுகிற அந்தச் சனியன் பிடித்த மின்குமிழ் மாலை, எல்லாவற்றையும் இரண்டு மணித்தியாலம் அணைக்க வேண்டும். இருட்டில் சனம் கூடுவதைக் கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறுவடை முடிந்த காலம். வைக்கோலுக்கு நெருப்பு வைத்தால் புகை வானத்தை மூடிவிடும். மைதானத்தில் மாடு படுக்கிற பழக்கம் உண்டு. சாணி அள்ள வேண்டும். பனி இறங்கினால் கண்ணாடி மங்கும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். பனிக்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியாவிட்டாலும் அதற்கும் கவலைப்பட்டேன். சனசமூக நிலையத்துக் கதிரைகளை எண்ணினேன். கதிரை வேண்டாம், பாய்தான் நல்லது, படுத்துப் பார்க்கலாம் என்றார் ரீச்சர். பாய்களை எண்ணினேன். அக்கா என் போக்குவரத்தைப் பார்த்துப் பார்த்து, "நட்சத்திரத்துக்கும் பாய் போடப் போறியோடா? அதையும் சேத்து எண்ணு" என்று வேலிக்கு மேலால் நக்கலடித்தார்.

ரோச் லைற் விஷயத்தில்தான் அக்கா இதற்குள் வந்தார். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் பட்டால், மறுபடி பழக அரைமணித்தியாலம் போய்விடுமாம். அதனால் வருகிற எல்லோரும் ரோச்சின் முகத்தைச் சிவப்புத் தாளாலோ துணியாலோ மூடிக்கொண்டு வர வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். தாளை றப்பர் வளையத்தால் கட்டினால் கழன்றுவிடும் என்று நான் புலம்பியதைக் கேட்டு, அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புச் சட்டைத் துணியை எடுத்தார். என் ரோச்சின் முகத்தில் நூலைச் சுற்றி அளவெடுத்தார். அன்று பின்னேரமே ஐந்து தொப்பிகள் தயார். அழகான வேலை. ஆனால் ரோச்சுக்குப் போட்டுச் சுவிச்சை அமர்த்தினால் ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே வரவில்லை. உள்ளே தடித்த கறுப்புத் துணியில் இன்னொரு உள்மடிப்புக் கொடுத்துத் தைத்திருந்தார்.

"வெளிச்சம் வராத ரோச் எதுக்கு அக்கா?"

"மேலை தெரியக்கூடாதெண்டு நீதானேடா சொன்னனீ?"

"மேலை தெரியக்கூடாதெண்டு இல்லை. கீழை இருக்கிற எங்கடை கண் கூசக்கூடாதெண்டு."

அக்கா தையல் மெசினின் சில்லை நிறுத்தினார். "அப்பிடியும் ஒரு காரணம் கிடக்கோ" என்றார். பிறகு ஐந்து தொப்பிகளின் உள்மடிப்பையும் பிரித்தெடுத்தார். மொத்தம் முப்பத்தாறு தைத்துத் தந்தார். தந்துவிட்டு, "நான் வரமாட்டன். அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

வரமாட்டார் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அக்கா பொழுதுபட்ட பிறகு வெளியே நின்று நான் கண்டதில்லை. கரண்ட் வந்ததும் முன்னுக்கும் பின்னுக்கும் கிணற்றடியிலும் பல்ப் பூட்டினார். ஆறு மணிக்கு நாலு பல்ப்பையும் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் விடியத்தான் திறப்பார். கதவுக்குப் பின்னால் அந்த ஆணியில் ஒரு பை தொங்கும். யூரியா வந்த உரப்பையை வெட்டி, உள்ளே பொலித்தீன் கொடுத்து, தோளில் மாட்ட வாரும் வைத்துத் தைத்த பை. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு சேலை, ஒரு சவர்க்காரம். அந்த நாட்களில் எங்கள் ஊரில் அநேகமான வீடுகளில் அக்கா தைத்த பைதான் கதவடியில் தொங்கியது. ஓட வேண்டி வந்தால் கை தானாக அதில்தான் போகும். மற்ற வீடுகளில் அந்தப் பை காலப்போக்கில் சந்தைப் பையாகி, மாட்டுக்குப் புல்லுப் போடுகிற பையாகி, கிழிந்து போனது. அக்கா வீட்டில் மட்டும் அது ஆணியை விட்டு இறங்கவில்லை.

நாங்கள் ஸ்கந்தபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது ஒன்பது பேர். ஒவ்வொரு இடத்திலும் தரிக்கும்போதும் ஆட்களை எண்ணுவது என் பொறுப்பு. கடைசியில் முல்லைத்தீவுக் கரைப்பக்கம், ஒரு வெட்டை மணலில் இருந்த இரவில், வானத்தில் பரா வெளிச்சம் விட்டார்கள். குடை மாதிரி விரிந்து, அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, ஊரையே பகலாக்குகிற வெளிச்சம். அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். அத்தான், அக்காவின் புருஷன், தண்ணீர்க் கானோடு போன நேரம். விடிந்ததும் எண்ணினேன். எட்டு. அக்கா அழவில்லை. "திரும்ப எண்ணு" என்றார். திரும்ப எண்ணினேன். அதைவிட மேலதிகமாக இதைப் பற்றி நாங்கள் இருவரும் எந்நாளும் கதைத்தது கிடையாது.

இனி என் அறிவித்தலுக்கு வருகிறேன். ஒழுங்கில்லாமல் சனம் வந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்ற பயத்தில், களஞ்சியத்து முறைப்படி சுருக்கமாக, தெளிவாக எழுதினேன். தலைப்பு: வானம் பார்க்கும் நிகழ்வு. அதன்கீழ் அறிவுறுத்தல்கள்: 'சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு முன் வீட்டு விளக்குகள் அனைத்தையும் அணைக்கவும். பாய், குடிநீர், உலர் உணவு எடுத்து வரவும். ரோச் லைற்றின் முகத்தை மூடவும். பிள்ளைகளைக் கைவிட வேண்டாம். சத்தம் போட வேண்டாம். மைதானத்தின் வடக்குப் பக்கமாக ஒன்று கூடவும்.' ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோக்காரர் ஒருவரிடம் கொடுத்து, தலைப்பை ஒருதரம் வாசித்தால் காணும், அறிவுறுத்தல்களை மூன்று மூன்று தரம் வாசியுங்கோ என்றும் கேட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை பின்னேரம் ஓட்டோ ஊரைச் சுற்றியது. ஒரு சொல்லும் பிசகாமல் வாசிக்கிறார் என்று நான் படலையடியில் நின்று திருப்திப்பட்டேன்.

பொழுதுபடுகிற நேரம் தேயிலை வாங்கச் சந்திக் கடைக்குப் போனேன். கடையில் வழமைக்கு மாறான சனம். யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. பிஸ்கற் அடுக்கு வெறுமையாகக் கிடந்தது. மெழுகுதிரி முடிந்துவிட்டது, பற்றரி முடிந்துவிட்டது. ஒரு தாய் கைபேசியில், கிளிநொச்சியில் வேலை செய்யும் மகளை இன்றைக்கே பஸ் எடு, சந்திக்கு அப்பா வந்து நிற்பார் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னை ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"அண்ணை, நீங்கள் சங்கத்திலை இருந்த ஆள். உங்களுக்குத் தெரியாமல் இராது. என்ன நடக்கப் போகுது?"

"நட்சத்திரம் பாக்கப் போறம்."

"பகிடியை விடுங்கோ அண்ணை. உண்மையைச் சொல்லுங்கோ."

 நின்ற இடத்திலேயே என் அறிவித்தலை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். தலைப்பை எடுத்துவிட்டால் அது வேறு அறிவித்தல். இந்தச் சனம் அதை முன்பும் கேட்டிருக்கிறது, இதே மாதிரி ஓடுகிற வாகனத்திலிருந்து. எழுதியவனும் கேட்டிருக்கிறான். எழுதும்போது ஒரு இடத்திலும் எனக்கு உறைக்கவில்லை. கடையில் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராக விளக்கம் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. "ஐயா, சும்மா இருக்கிற சனத்தை ஏன் இப்பிடிக் கலைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, மகளுக்குத் திரும்பவும் தொலைபேசி எடுத்தார்.

தேயிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு விரைந்தேன். தூரத்திலேயே தெரிந்தது. அக்கா வீடு இருட்டாகக் கிடந்தது. நாலு பல்ப்பும் இல்லை. படலையைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு உருவம் நின்றது. சேலையை இழுத்துச் செருகி, தோளில் அந்தப் பை.

"டேய் தம்பி. உதை எழுதினது ஆர்?"

"நான்தான் அக்கா. அது வந்து, சனிக்கிழமைக்கு..."

"எனக்குத் தெரியும் சனிக்கிழமைக்கு எண்டு. என்னத்துக்கு எண்டும் தெரியும். தொப்பி தைச்சவள் நான். எல்லாம் தெரிஞ்சும் கை போய்ப் பையை எடுத்துட்டுது. லைற்றை நூத்துட்டுது. நான் என்ன செய்ய?" மூச்சு வாங்கினார். "சரி, எழுதினாய். கடைசி வரி எங்கை?"

"எந்த வரி அக்கா?"

"எப்ப வீட்டை திரும்பி வாறதெண்டு ஒரு வரி. அண்டைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. நீயும் சொல்லேல்லை."

நான் அவருடைய நாலு பல்ப்பையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். எங்கே எந்தச் சுவிச் என்று தெரியாமல் தடவியதில் வெகுநேரம் போனது போல இருந்தது. அன்றிரவு ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம், நான் பிழையான ஆள், வானம் எங்கும் போய்விடாது என்று சொன்னேன். ரீச்சர் பொறுமையாகக் கேட்டார். ஓமந்தைக்கு அப்பால், சண்டை நடந்த ஊர்களுக்கு, எங்கள் ஆட்களோடு எத்தனை தடவை போய்வந்தாலும் எனக்கும் இது தோன்றவில்லையே ஐயா என்றார். பிறகு, "நிப்பாட்ட வேண்டாம். திருத்துவம். உங்கடை அக்காவையே எழுதச் சொல்லுங்கோ" என்றார்.

அக்கா எழுதவில்லை, குசினி வாசலில் மரக்கறி வெட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் போட்ட அச்சொட்டான சொற்களையெல்லாம் வெட்டித் தள்ளினார். "அணைக்கவும், எடுக்கவும், கூடவும். நீ என்ன, கட்டளைத் தளபதியோ? 'வாங்கோ' எண்டு எழுது." வெள்ளிக்கிழமை காலை ஓட்டோ போட்ட புது அறிவித்தல் இதுதான்: 'சனிக்கிழமை பின்னேரம் மைதானத்திலை நட்சத்திரம் பாக்கப் போறம். வவுனியாவிலையிருந்து ரீச்சர் ஆக்கள் தொலைநோக்கி கொண்டு வருகினம். விருப்பமான ஆக்கள் வாங்கோ. விருப்பமில்லாத ஆக்கள் வீட்டிலை லைற்றைப் போட்டுக்கொண்டே இருங்கோ, ஒரு குறையுமில்லை. தேத்தண்ணி அங்கை தருவினம். ஒன்பது மணிக்கு முடியும். முடிய எல்லாரும் அவரவர் வீட்டை போகலாம்.' கடைசி வரியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னது அக்கா. ஓட்டோக்காரர் தன்பாட்டில் நாலாம் தரமும் வாசித்து, "கட்டாயம் போகலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

விளக்குப் போட்டால் வானம் கெட்டுவிடுமே என்று நான் முனகினேன். "வானம் கெட்டால் கெடட்டும், சனம் கெட வேண்டாம்" என்று அக்கா வாயை அடைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. பத்து மணிக்கு மேற்கே முகில். பன்னிரண்டுக்கு முகில் போனது, எங்கேயோ வைக்கோல் புகை எழுந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு புகையைத் தேடிப் போய், வயல்காரரின் கையைக் காலைப் பிடித்து நெருப்பை அணைப்பித்தேன். மைதானத்தில் அள்ளிய இடத்திலேயே மாடு திரும்பச் சாணி போட்டிருந்தது. நாலு மணிக்கு ரீச்சர் ஆட்களின் வான் கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிற்பதாகத் தகவல் வந்தது. ஐந்தரைக்கு ஊருக்குள் வந்தது. சொன்ன சொல் தவறாமல் குழாயின் துணியைக் கழற்றி, யன்னலோரம் எல்லோருக்கும் தெரிய நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தார்கள். வேலிகளில் நின்ற சனம் கோயில் தேரைப் பார்க்கிறது போலப் பார்த்தது.

ஆறரைக்கு நான் அக்காவிடம் போனேன். கேட்கப் போகிறேனா, கும்பிடப் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா வெளிக்கிட்டு நின்றார். தோளில் பை, கையில் சிவப்புத் தொப்பி போட்ட ரோச். என் முகம் மாறியதைக் கண்டுகொண்டு முந்திக்கொண்டார். "நான் ஒண்டும் பாக்க வரேல்லை. உனக்கு இப்ப கணக்குப் பிழைக்குது. வாற சனத்தை எண்ண ஒரு ஆள் வேணுமெல்லோ."

மைதானத்து வாசலில் ஒரு கதிரையைப் போட்டு அக்காவை இருத்தினேன். நான் நின்று எண்ணினேன், அவர் இருந்து எண்ணினார். ஏழு மணிக்கு நாற்பத்துமூன்று பேர். அக்காவுக்கும் நாற்பத்துமூன்றுதான். எங்கள் இருவரையும் சேர்த்து. சிலர் பை கொண்டு வந்திருந்தார்கள். நான் பார்த்தும் பாராதமாதிரி நின்றேன். கட்டாயமில்லை என்று சொல்லியிருந்தும், ஊரில் பெரும்பாலான விளக்குகள் அணைந்தன. அரிசி ஆலை அணைந்தது. கடைசியாக, சந்திக் கடையின் நிறம் மாறுகிற மாலையும் நின்றது.

அந்த முதல் ஐந்து நிமிடத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பாய்களில் சனம் நெருங்கி நெருங்கி இருந்தது. பிள்ளைகள்கூடப் பேசவில்லை. ரீச்சர் பகிடியாக ஏதோ சொல்லிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. அப்போது வடமேற்குப் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சப் புள்ளி, நட்சத்திரங்களுக்கு நடுவால், சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது. எங்கேயோ ஒரு ஆண்குரல் "வண்டு" என்றது. அந்த நாட்களில் மேலே சுற்றிப் படமெடுத்த ஆளில்லா விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. வண்டு வந்தால் பின்னால் என்ன வரும் என்று தெரியாத ஆள் அந்த மைதானத்தில் பிள்ளைகள் மட்டும்தான். இரண்டு பேர் எழும்பிவிட்டார்கள். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"அது செய்மதி. வண்டில்லை, பயப்பிடாதேங்கோ" என்று ரீச்சர் ஓடிவந்தார். "பூமியைச் சுத்துது. மேலை இப்பவும் வெய்யில் இருக்கு. அந்த வெய்யில் பட்டுத்தான் மின்னுது."

அக்கா கதிரையில் இருந்தபடி கேட்டார், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக: "பிள்ளை, உது ஒண்டும் போடாதோ?"

"இல்லை அம்மா. ஒண்டும் போடாது."

"அப்ப போகட்டும்."

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். எழும்பிய இருவரும் இருந்தார்கள். அந்தப் புள்ளி கிழக்கே போய்ப் பூமியின் நிழலுக்குள் மறையும்வரை நாற்பத்துமூன்று பேரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதன்பிறகு மைதானம் மைதானமானது. பிள்ளைகள் ஓடினார்கள். தேத்தண்ணி வந்தது. முப்பத்தாறு சிவப்பு வட்டங்கள் நிலத்தில் அலைந்தன. ஆறாமீன் என்கிற கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி, ஆறா ஏழா என்று இரண்டு கிழவர்கள் சண்டை பிடித்தார்கள். அதில் ஒருவர் நான்.

வரிசை குறைந்த பிறகு அக்கா தானாக எழும்பித் தொலைநோக்கியடிக்கு வந்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னதற்கு, "ரெண்டும் திறந்திருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று முரண்டு பிடித்தார். பிறகு கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "ஒரு கோழி நிக்குது. பக்கத்திலை நாலு குஞ்சு" என்றார். வியாழனும் அதன் சந்திரன்களும். அவருக்குப் பிறகு ஒரு குடும்பம் பார்த்து முடிய நான் குனிந்தேன். எனக்கு மூன்றுதான் தெரிந்தது. "மூண்டு." "நாலடா." "மூண்டு அக்கா." ரீச்சர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சரி, இதற்கிடையில் ஒன்று வியாழனுக்குப் பின்னால் போயிருக்கிறது, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மற்றப் பக்கத்தால் வரும் என்றார்.  அக்கா திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

ஒன்பது மணிக்கு முடித்தோம். சனம் வாசலால் வெளியேறியது. நான் எண்ணினேன். பிள்ளைகள் முன்னும் பின்னும் ஓடியதில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். கடைசி ஆளும் போன பிறகு, நாங்கள் இருவருமாக நாற்பத்துமூன்று.

"சரியா வந்ததோ?" என்றார் அக்கா.

"சரி. நாப்பத்துமூண்டு."

"திரும்ப எண்ணு."

இருட்டில், வீதியில் போய்க்கொண்டிருந்த சிவப்பு வெளிச்சங்களின் பின்னால் கொஞ்சத்தூரம் ஓடி, குடும்பம் குடும்பமாகத் திரும்ப எண்ணினேன். மூச்சிரைக்க வந்து சொன்னேன். நாற்பத்துமூன்று. அக்கா தலையை ஆட்டினார். ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்கு வந்துகொண்டிருந்தது. அதை ஏனோ நான் எண்ணவில்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்குள் போனதும், கையில் இருந்த ரோச்சை வைக்க இடம் பார்த்து, கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் மாட்டினார். பை அலுமாரிக்குள் போயிருந்ததை அடுத்தநாள் காலையில்தான் கண்டேன்.   ஆறு மணிக்கு நாலு பல்ப்பும் வழமைபோல எரிந்தன. கதவு மட்டும் எட்டுவரை திறந்திருக்கும். சில நாட்களில் முற்றத்தில் கதிரை கிடக்கும்.

போன மாரியில் அக்கா காய்ச்சலில் படுத்து, தன் வீட்டில், தன் கட்டிலில் போனார். பக்கத்தில் நான் இருந்தேன். வெளியே நல்ல மழை, ஒரு நட்சத்திரமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு எல்லாம் ஆயத்தம் என்று சொல்ல மாட்டேன். மேற்கே முகில் நிற்கிறது. மைதானத்தில் மாடு படுக்கிறது. அறிவித்தலை ஓட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அக்கா சொன்ன சொற்கள்தான், கடைசி வரி மூன்று தரம். ஊரிலிருந்து திரும்பச் சேர்த்த தொப்பிகளில் முப்பத்தைந்தை எண்ணி எடுத்து வைத்திருக்கிறேன். முப்பத்தாறாவது ஆணியில் இருக்கிறது. இன்று பின்னேரம் சந்திக் கடையில் இரண்டு பற்றரி வாங்கி வந்து, அந்த ரோச்சுக்குள் போட்டுச் சுவிச்சை அமர்த்திப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்த சுவரில் ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. அணைத்துவிட்டு அதே ஆணியில் மாட்டினேன். சனிக்கிழமை அதைத்தான் கொண்டு போவேன். வாசலில் கதிரையும் போடுவேன். ஆனால் சரிபார்க்க ஆளில்லை. போகிற சனத்தை இந்தமுறை நானே இரண்டு தரம் எண்ண வேண்டும்.